மதுரை வெயிலுக்கு எந்த ஆயில்? மினரல், சிந்தெடிக் இன்ஜின் ஆயில்கள்: ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் உள்ளன. ஒன்று அப்பா வாங்கிய மாருதி 800. மற்றொன்று, பி.எஸ். 6 மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். பழைய வண்டிக்கு இந்தியன் ஆயிலின் சர்வோ வரிசையில் வரும் 20டபிள்யூ-40 மினரல் ஆயிலும், புதிய வண்டிக்கு ஷெல் ஹீலிக்ஸ் அல்ட்ரா 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் ஆயிலும் ஊற்றி வருகிறேன். இரண்டும் ஒரே வாசலில் வெயில் காய்கின்றன, இரண்டுக்கும் ஆயில் மாற்றுபவர் ஒரே மெக்கானிக். ஆகவே இரண்டு வகை ஆயிலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குத் தானாகவே அமைந்துவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் புதிய காரில் தவிர்க்க முடியாத செலவு. பழைய காரில் பெரும்பாலும் தேவையற்ற செலவு. இரண்டையும் கலந்து நடுவில் வைத்து விற்கப்படும் செமி சிந்தெடிக்கை வாங்குவதற்கு வலுவான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

மதுரையில் எந்த ஒர்க்‌ஷாப்பில் இந்தப் பேச்சை எடுத்தாலும் ஒரு கருத்து தவறாமல் வரும்: "நம்ம ஊரு சூட்டுக்கு இந்தத் தண்ணி மாதிரி ஆயில் எல்லாம் தாங்காதுண்ணே, நாப்பது போட்டாத்தான் இன்ஜினுக்கு நல்லது." இதைச் சொல்கிறவர்கள் அம்பாசடர் காலத்திலிருந்து இன்ஜின் இறக்கி ஏற்றியவர்கள். அந்த இன்ஜின்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியும்கூட. ஆனால் ஓடும் இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் ஊரின் வெப்பநிலையில் வேலை செய்வதில்லை என்பதை இந்தப் பேச்சு கணக்கில் எடுப்பதில்லை. நீரால் குளிர்விக்கப்படும் இன்ஜினில், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து கூலன்டை 90 டிகிரியை ஒட்டியே வைத்துக்கொள்கின்றன. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரில் உள்ள ஆயிலும் சூடேறிய பிறகு ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கிறது. வெளியே மார்கழி மாதக் காலையாக இருந்தாலும் அக்னி நட்சத்திர மதியமாக இருந்தாலும் இந்த அளவு சிறிதுதான் மாறும். பேரிங்குகளுக்குள் ஆயில் படலம் நசுக்கப்படும் இடத்தில் வெப்பம் இன்னும் கூடுதல் என்பதால், அந்த இடத்துக்கான வலிமையைத் தனியாக 150 டிகிரியில் சோதிக்கிறார்கள். இன்ஜினைத் தயாரித்தவர் இவை அனைத்தையும் கணக்கிட்டுத்தான் கையேட்டில் ஆயிலின் எண்ணை அச்சிடுகிறார்.

அந்த எண்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் சூட்டில் அதன் கனத்தையும் குறிக்கிறது. வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பு வகுத்த அளவின்படி, 20டபிள்யூ ஆயிலைக் குளிர்ந்த நிலையில் இன்ஜினைச் சுழற்றும் சோதனைக்கு மைனஸ் 15 டிகிரியில் உட்படுத்துகிறார்கள். 5டபிள்யூ ஆயிலுக்கு அதே சோதனை மைனஸ் 30 டிகிரியில். மதுரையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் வெப்பநிலை இருக்கும். அப்படியிருக்க மைனஸ் 30 நமக்கு எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கான விடை, நிறுவனங்கள் வெளியிடும் தொழில்நுட்பத் தாளில் 40 டிகிரி என்ற வரியில் இருக்கிறது. ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது அதன் கனத்தை, உலகெங்கும் 40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் அளப்பது வழக்கம். 40 டிகிரி என்பது சித்திரை, வைகாசி மாதங்களில் நம் ஊரின் மதிய வெப்பநிலை. அந்த வெப்பத்தில் 20டபிள்யூ-40 மினரல் ஆயிலின் பாகுத்தன்மை பொதுவாக 120 முதல் 140 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு). 5டபிள்யூ-30 சிந்தெடிக்குக்கு 60 முதல் 70 வரை. 100 டிகிரிக்கு வந்தால் முன்னது 14 அல்லது 15ஆகவும், பின்னது 11 அல்லது 12ஆகவும் இறங்கி, இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இதன் பொருள், தார்ச்சாலை உருகும் மதியத்தில்கூட, நிறுத்தி வைத்த வண்டியை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மினரல் ஆயில் இரு மடங்கு கனமாக இருக்கிறது என்பதுதான்.  ஆயில் பம்பு அதை மேலே ஏற்றி, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் வரை கொண்டு சேர்க்கும் வரையிலான அந்தச் சில நொடிகளில்தான் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றிக்கொள்ளும் அமைப்பு இன்றைய இன்ஜின்களில் இருக்கிறது. அதற்கான ஆயில் துளைகள் மிகக் குறுகலானவை. மெல்லிய ஆயிலை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட அந்தத் துளைகளுக்குக் கனமான ஆயிலைக் கொடுத்தால், சூட்டைத் தாங்க வைக்கிறோம் என்ற நினைப்பில் இன்ஜினுக்கு ஆயிலைத் தாமதமாகச் சேர்க்கிறோம். கையில் தொட்டால் ஒன்று மட்டும் தண்ணீர் போலத் தெரிவது ஆறிய நிலையில்தான். 100 டிகிரியில் இரண்டுமே தண்ணீர் போலத்தான் இருக்கும்.

இனி, சிந்தெடிக் என்பது எது என்று பார்க்கலாம். எந்த இன்ஜின் ஆயிலும் அடிப்படை எண்ணெயும் சேர்மானங்களும் கலந்த கலவைதான். அடிப்படை எண்ணெய்களை அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏ.பி.ஐ. ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கிறது. கச்சா எண்ணெயை வழக்கமான முறையில் சுத்திகரித்துக் கிடைப்பவை முதல் இரண்டு பிரிவுகள், இவையே மினரல். அதே கச்சா எண்ணெயை அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்து, மூலக்கூறுகளை உடைத்து மாற்றி அமைத்தால் மூன்றாம் பிரிவு. ஆய்வுக்கூட முறையில் சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் செய்யும் பி.ஏ.ஓ. என்ற செயற்கை எண்ணெய் நான்காம் பிரிவு, எஸ்டர் முதலானவை ஐந்தாம் பிரிவு. மூன்றாம் பிரிவைச் சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் இடையே வழக்கு எழுந்து, 1999இல் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு அழைக்கலாம் என்று முடிவு சொன்னது. ஜெர்மனியில் முழு சிந்தெடிக் என்ற பெயரை நான்காம், ஐந்தாம் பிரிவுகளுக்கு மட்டுமே பயன்படுத்த இயலும். நம் கடைகளில் முழு சிந்தெடிக் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி மூன்றாம் பிரிவைச் சேர்ந்ததே. ஹீலிக்ஸ் அல்ட்ராவில் உள்ள அடிப்படை எண்ணெய், கச்சா எண்ணெயிலிருந்து அல்லாமல் கத்தாரில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. ஆனாலும் வகைப்பாட்டில் அதுவும் மூன்றாம் பிரிவில்தான் வருகிறது. இதை ஏமாற்று வேலை என்று நான் கருதவில்லை. சோதனைகளில் மூன்றாம் பிரிவு நான்காம் பிரிவுக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. டப்பாவின் முன்பக்கத்தில் உள்ள சொல்லைவிடப் பின்பக்கத்தில் உள்ள தரக்குறியீடு முக்கியம் என்பதற்கு இது போதுமான சான்று.

தரக்குறியீடு என்று நான் சொல்வது ஏ.பி.ஐ. எழுத்துகளை. பெட்ரோல் இன்ஜின்களுக்கு எஸ் என்று தொடங்கும் இந்த வரிசையில் இரண்டாம் எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதியது. எஸ்.என். 2010இலும் எஸ்.பி. 2020இலும் எஸ்.க்யூ. 2025இலும் வந்தன. மலிவான மினரல் டப்பாக்கள் சிலவற்றில் இன்னும் எஸ்.எஃப். என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். 1988க்குப் பின் தயாரான பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு எஸ்.எஃப். பொருந்தாது என்று ஏ.பி.ஐ. அமைப்பே அறிவித்திருக்கிறது. 20டபிள்யூ-40 என்ற பெரிய எழுத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்து, சிறிய எழுத்தைப் படிக்காமல் வாங்கி வருபவர்கள் மாருதி 800க்குக்கூட நியாயம் செய்வதில்லை. அந்த வண்டிக்கு நான் குறைந்தது எஸ்.எல். பார்த்துத்தான் வாங்குகிறேன்.

ஓட்டி அறிந்தவற்றுக்கு வருகிறேன். புதிய காரில் சிந்தெடிக்கின் பலன் மதுரையில் தெரிந்ததைவிடக் கொடைக்கானலில் தெளிவாகத் தெரிந்தது. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறி, 2,100 மீட்டர் உயரத்தில் இரவு முழுவதும் குளிரில் நின்ற வண்டி, மறுநாள் காலையில் முதல் சுழற்சியிலேயே சீராக ஓடத் தொடங்கியது. வால்வுப் பகுதியில் தட்டும் டாப்பெட் சத்தம் எழவே இல்லை. மாருதி 800 அதே ஊரில் அதே நேரத்தில் கொஞ்சம் முனகிவிட்டு, தடதடவென்று டாப்பெட் தட்டி, பிறகுதான் அடங்கும். மதுரையிலேயே இரவு முழுவதும் நின்ற பிறகு அந்தச் சத்தம் சிறிது நேரம் கேட்கிறது என்றாலும் அது பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை. மைலேஜ் கூடும் என்று விளம்பரங்கள் சொல்வதை என் பெட்ரோல் கணக்கில் காண முடியவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் நேரமும், டயரில் காற்று இருக்கும் அளவும் மைலேஜை மாற்றுவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஆயில் மாற்றாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சிக்னலில் நிற்பதுதான் ஆயிலுக்கு உண்மையான சோதனை. சித்திரைத் திருவிழா நாட்களில் ஆற்றைக் கடக்க நினைப்பவர்களுக்கு இது தெரியும். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும், வண்டி நகராது, ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது, ஓடோமீட்டரும் அசையாது. கிலோமீட்டரில் கணக்கு வைப்பவருக்கு அந்த மணிநேரங்கள் கணக்கிலேயே வருவதில்லை. ஆயிலுக்கோ அவை அனைத்தும் வேலை நேரம். ஒரே கனமுள்ள ஆயில்களை ஒப்பிட்டால், சூட்டில் ஆவியாகிக் குறைவதும், காற்றோடு சேர்ந்து கெட்டியாகிக் கசடாவதும் சிந்தெடிக்கில் குறைவு. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று அளக்கும் நோவாக் சோதனையில், ஏ.பி.ஐ. எஸ்.பி. தரத்து மெல்லிய ஆயில்களுக்கு 15 சதவீதம் வரை அனுமதி உண்டு. நல்ல சிந்தெடிக்குகள் அதற்குக் கணிசமாகக் கீழே நிற்கின்றன. நெரிசலில் ஓடும் வண்டிக்குச் சிந்தெடிக் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் முதன்மையான காரணம் இதுதான். இதே காரணத்தால், கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்று இருந்தாலும், நகருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு 7,000 அல்லது 8,000த்தில் மாற்றிவிடுவது நல்லது என்பேன். சிந்தெடிக் ஊற்றியிருப்பதால் 15,000 வரை இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கறுப்பு என்பது பல நேரங்களில் ஆயிலில் உள்ள சுத்திகரிக்கும் சேர்மானம் கரியைத் தன்னோடு ஏந்திக்கொண்டிருப்பதன் அடையாளம். கறுக்காமலே இருந்தால் அந்தக் கரி எங்கே படிந்திருக்கிறது என்றுதான் கவலைப்பட வேண்டும். எங்கள் மெக்கானிக் நிறத்தைப் பார்ப்பதே இல்லை. டிப்ஸ்டிக்கை உருவி, நுனியில் நிற்கும் சொட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். நறநறவென்று ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோய்ப் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று முகர்வார். மாருதி 800 பெரும்பாலும் குறுகிய ஓட்டங்களிலேயே காலம் தள்ளுவதால், அதன் ஆயிலில் அந்த வாடை சில நேரம் இருக்கும். இன்ஜின் முழுதாகச் சூடேறாமலே நிறுத்தப்படும் வண்டியில், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிவிடுகின்றன. இதற்குச் சிந்தெடிக் மருந்தல்ல. காலக்கெடு பார்த்து மாற்றுவதே மருந்து.

விலைக் கணக்கு பலர் நினைப்பதற்கு நேர்மாறாக வருகிறது. இங்குள்ள கடைகளில் தரமான மினரல் ஆயில் லிட்டருக்கு ஏறக்குறைய 350 ரூபாய்க்கும், முழு சிந்தெடிக் பிராண்டைப் பொறுத்து 600 முதல் 900 ரூபாய்க்கும் கிடைக்கிறது. அச்சிட்ட விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுக்காத கடைக்காரர் நம் ஊரில் அரிது. மூன்று லிட்டர் பிடிக்கும் இன்ஜினுக்கு, ஃபில்டரும் கூலியும் சேர்த்து 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மினரலில் ஒரு முறைக்கு 1,400 ரூபாய் ஆகும். 5,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றினால் 10,000 கி.மீ.க்கு 2,800. சிந்தெடிக் லிட்டர் 700 ரூபாய் என்றால் அதே தூரத்துக்கு ஒரே முறை, 2,450. ஆக, வாரந்தோறும் திருநெல்வேலிக்கோ தேனிக்கோ போய் வருபவருக்குச் சிந்தெடிக்தான் மலிவு. ஓய்வு பெற்றவர் ஒருவர் திருப்பரங்குன்றத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் போய் வந்து ஆண்டுக்கு 4,000 கி.மீ.கூட ஓட்டாதபோது கணக்கு தலைகீழாகிவிடும். அவருக்குக் கிலோமீட்டர் தீருவதற்கு முன்பே மாதம் தீர்ந்துவிடுவதால், சிந்தெடிக்கின் கூடுதல் ஆயுளில் பாதி சேம்பரிலிருந்து கீழே வடிந்துபோகும். அவருடைய வண்டி மினரலை ஏற்கும் பழைய வண்டியாக இருந்தால் அதிலேயே தொடர்வது புத்திசாலித்தனம்.

புதிய வண்டியாக இருந்தால் அந்தத் தெரிவே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய பெட்ரோல் கார்களின் கையேடுகள் கேட்கும் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 போன்ற ஆயில்களைச் சாதாரண மினரல் அடிப்படையில் தயாரிக்க இயலாது. ஒரே நேரத்தில் அவ்வளவு மெல்லியதாகவும் ஆவியாகாததாகவும் இருக்கும் எண்ணெய் முதல் இரண்டு பிரிவுகளில் இல்லை. எனவே மினரலா சிந்தெடிக்கா என்று கடையில் நடக்கும் விவாதம், இந்த வண்டிகளைப் பொறுத்தவரை வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் முன்பே முடிந்துவிட்டது. டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. குறைந்த வேகத்தில் அதிக இழுவை கொடுக்கும்போது கலவை தீப்பொறிக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் கோளாறு அவற்றில் வரக்கூடும். கால்சியம் அதிகமுள்ள ஆயில் அதை மோசமாக்குகிறது என்று கண்டறிந்த பிறகுதான், எஸ்.பி. தரத்தில் அதற்கான சோதனையைச் சேர்த்தார்கள். பி.எஸ். 6 டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் புகைவடிகட்டி அடைக்காதிருக்கச் சாம்பல் குறைந்த ஆயிலை, அதாவது ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர்கள் அமைப்பான ஏ.சி.இ.ஏ.வின் சி2 அல்லது சி3 போலக் கையேட்டில் சொன்ன குறியீட்டை, விடாப்பிடியாகக் கேட்டு வாங்க வேண்டும். பழைய பொலேரோக்களுக்கு 15டபிள்யூ-40 மினரல் டீசல் ஆயில் இன்றும் போதும்.

பழைய வண்டியில் சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகும் என்ற பேச்சில் பாதி உண்மை. 1970களில் வந்த தொடக்க காலச் சிந்தெடிக்குகள் ரப்பர் சீல்களைச் சுருங்கவைத்தன. இன்றைய ஆயில்களில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் ஆண்டுக்கணக்காக இறுகிப்போன வால்வு கவர் கேஸ்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பைக் கனமான ஆயில் மறைத்துவைக்கும். மெல்லிய ஆயில் காட்டிக்கொடுத்துவிடும். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து அது எரிந்தும் போகும். மாருதி 800இல் நான் மினரலிலேயே நிற்பதற்கு இதுவே காரணம். செமி சிந்தெடிக்கைப் பற்றி என் சந்தேகம் எளிமையானது. அதில் சிந்தெடிக் எத்தனை சதவீதம் என்று டப்பாவில் எழுதியிருப்பதில்லை. விலையோ சிந்தெடிக்கை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. கையேட்டில் உள்ள கனமும் தரமும் செமியில் மட்டுமே கிடைக்கிறது என்றால் வாங்கலாம். இரண்டின் நன்மையும் சேர்ந்து வரும் என்று எண்ணி வாங்க வேண்டியதில்லை.

எந்த வகையானாலும், டப்பாவுக்குள் இருப்பது உண்மையான ஆயில்தானா என்பது இந்த ஒப்பீடு முழுவதையும்விடப் பெரிய கேள்வி. பெயர்பெற்ற பிராண்டுகளின் காலி டப்பாக்களுக்கு நம் நாட்டில் தனி மதிப்பு இருக்கிறது; அவற்றில் வேறு எண்ணெயை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். வெளி வீதிக் கடை ஒன்றில் நான் கையில் எடுத்த டப்பாவின் மூடிக்குக் கீழே இருக்க வேண்டிய வளையம் ஏற்கெனவே அறுந்திருந்தது. கேட்டதற்கு "எல்லாம் கம்பெனி சரக்குதான் சார்" என்று மட்டும் பதில் வந்ததால் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். மூடியின் வளையம், உள்ளே உள்ள அலுமினியத் தாள், தயாரிப்புத் தேதி, சுரண்டிப் பார்க்கும் குறியீடு ஆகிய நான்கையும் பார்த்து, பில்லோடு வாங்குவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஊற்றி முடித்ததும் எங்கள் மெக்கானிக் கேட்காமலே ஸ்குரூடிரைவரால் டப்பாவின் வயிற்றில் இரண்டு குத்து குத்திவிட்டுத்தான் ஓரமாகப் போடுவார். அப்படிச் செய்யாத இடத்தில் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நல்ல ஒர்க்‌ஷாப்காரர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆயிலைப் பேரலிலிருந்து அளந்து ஊற்றுகிறார்கள், பில்லில் 3.1 லிட்டர் என்றால் அதற்கு மட்டும் பணம். வெளியில் 3.5 லிட்டர் டப்பாவாக வாங்கும்போது கொஞ்சம் மிஞ்சும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராமல், மூடியை இறுக்கி வீட்டுக்கு எடுத்து வந்து நிழலில் வைத்தால், அடுத்த சர்வீஸ் வரை டாப்-அப் செய்ய அது போதும். நெடுஞ்சாலையில் ஆயில் குறைந்து, கையில் அதே ஆயில் இல்லாமல் போனால், கிடைக்கும் ஆயிலை ஊற்றி ஓட்டுவதில் தவறில்லை. ஏ.பி.ஐ. உரிமம் பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும் தன்மை உடையவையாக இருக்க வேண்டும் என்பது விதி; சிந்தெடிக்கோடு மினரல் சேர்ந்தால் திரிந்துபோகும் என்பது கட்டுக்கதை. கலந்தபின் அது சிந்தெடிக்கின் ஆயுளோடு உழைக்காது என்பதால், ஊர் திரும்பியதும் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும், அவ்வளவே.